சிங்கப்பூரின் பழைய ரயில் நிலையங்களில் பிள்ளைகளுக்குக் காட்ட எது நல்லது: தஞ்சோங் பகாரா, புக்கிட் தீமாவா?

இரண்டு கட்டடங்களும் 1932இல் எழுந்தவை. 2011 ஜூன் 30 இரவோடு இரண்டிலும் ரயில் நின்றது. கம்பீரம் என்றால் தஞ்சோங் பகார்தான்: முகப்பில் விவசாயம், தொழில், வணிகம், போக்குவரத்து என நான்கு பளிங்கு உருவங்கள்.

ஆனால் ரயில் எப்படி ஓடியது என்று பிள்ளைகளுக்குக் காட்ட, சின்னஞ்சிறு புக்கிட் தீமாவே சரி. இருந்தது ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வரும் வண்டிகள் விலகிக்கொள்ள இங்கே பக்கப் பாதை போட்டிருந்தார்கள். பெரிய வளையத்தில் தொங்கும் பைக்குள் டோக்கன், அதாவது அடுத்த பகுதித் தண்டவாளத்தில் போக அனுமதி தரும் அடையாளம். ஊழியர் அதைத் தூக்கி நீட்ட, ஓட்டுநர் ஓடும் வண்டியிலிருந்தே கை நீட்டி வாங்குவார். ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரே டோக்கன்தான் வெளியே வரும். அது கையில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும், பழைய இரும்புப் பாலத்தையும் பார்த்துவிடலாம்.