ஜிடிஎக்ஸ் 1060-ஆ, ஆர்எக்ஸ் 580-ஆ: டிரைவரை மட்டும் வைத்துச் சொல்கிறேன்

போன வாரம் நண்பன் கேட்டான்: "பழைய கார்டு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன் மச்சான். 1060 எடுக்கவா, 580 எடுக்கவா?" 1060 என்விடியாவின் கிராபிக்ஸ் கார்டு, 580 ஏஎம்டியுடையது. இரண்டும் என்னிடம் இருக்கின்றன, இரண்டிலும் வருடக்கணக்கில் விளையாடியிருக்கிறேன். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) கணக்குக்கு யூடியூபில் வேண்டிய அளவு வீடியோ கிடக்கிறது. பழைய கார்டு வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது டிரைவரை, அதாவது கார்டை கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மென்பொருளை. அதை யாரும் சொல்வதில்லை.

1060-இன் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூலையில் வந்த கார்டு. அந்தத் தலைமுறைக்கான கடைசி கேம் ரெடி டிரைவர் (புது கேம்களுக்கென்று வரும் பதிப்பு) 2025 அக்டோபரில் என்று என்விடியா அறிவித்தது. ஒன்பது வருடத்துக்கும் மேல்! அதற்கப்புறமும் 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. 580 வந்தது 2017 ஏப்ரலில். 2023-லேயே ஏஎம்டி அதைத் தனிக் கிளைக்கு ஒதுக்கிவிட்டது. அவசியமான திருத்தம் மட்டும்தான் வரும். தேதியை மட்டும் பார்த்தால் இது போட்டியே இல்லை.

1060-இல் நான் பட்ட ஒரே அவஸ்தையும் கரண்ட்டால் வந்தது. டிரைவர் ஏறிக்கொண்டிருக்கும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்ப ஆன் செய்தால் ஐகான் ஒவ்வொன்றும் இட்லித் தட்டு அளவு, மவுஸை நகர்த்தினால் ஜன்னல்கள் இழுபடுகின்றன. சேஃப் மோடில் போய், டிடியூ என்ற டிரைவர் நீக்கும் கருவியை வைத்து மிச்சம் மீதியைத் துடைத்து, மறுபடி போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து யூபிஎஸ் இல்லாமல் டிரைவரைத் தொடுவதில்லை.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு 580 பக்கம் ஏன் சாய்கிறேன்? லினக்ஸ்.

அந்தக் கார்டைச் செருகி லினக்ஸை ஏற்றினால் டிரைவர் என்று எதையும் தேட வேண்டியதில்லை. லினக்ஸின் மையமான கெர்னலிலேயே அதற்கான பகுதி இருக்கிறது. கேம்கள் கார்டோடு பேசும் வல்கன் என்ற இடைமுகத்துக்கு, மேசா என்ற திறந்தமூல டிரைவர் தொகுப்பில் ஆர்ஏடிவி என்ற டிரைவர் இருக்கிறது. இந்த ஆர்ஏடிவியை 2016-இல் தொடங்கியவர்கள் ஏஎம்டிக்கு வெளியே இருந்தவர்கள். பிறகு ஸ்டீம் நடத்தும் வால்வ் கம்பெனி ஆட்கள் அதற்கென்று ஷேடர் கம்பைலரே (கேமின் கிராபிக்ஸ் நிரலைக் கார்டுக்குப் புரியும்படி மாற்றுவது) எழுதினார்கள். கடைசியில் 2025-இல் ஏஎம்டி தன் சொந்தத் திறந்தமூல வல்கன் டிரைவரைக் கைவிட்டு, இனி இதுதான் என்று வந்து சேர்ந்தது. கம்பெனி ஒதுக்கிய கார்டை மற்றவர்கள் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். சிஸ்டம் அப்டேட்டோடு அப்டேட்டாக மேசாவும் ஏறிவிடும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல் பனிமலையை விட்டு இறங்கி முதன்முதலாகப் பச்சைப் புல்வெளிக்கு வந்த இடத்தில், எங்கேயும் சொதப்பாமல் ஓடியதைப் பார்த்து அப்படியே குதிரையை நிறுத்திவிட்டேன். இத்தனை வயதான கார்டு அது.

1060-க்கு இந்த வழி கிடையாது. அதன் கிளாக்கை, அதாவது ஓடும் வேகத்தை, ஏற்ற என்விடியா டிஜிட்டல் கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) தேவை. அது வெளியே தரப்படாததால், நூவோ என்ற திறந்தமூல டிரைவரில் கார்டு பூட் ஆன வேகத்திலேயே நின்றுவிடுகிறது. 2022-இல் என்விடியா திறந்துவிட்ட கெர்னல் பகுதியும் டூரிங் தலைமுறை கார்டுகள் முதல்தான், 1060 அதற்கு முந்தையது. வன்பொருளில் ஒரு குறையும் இல்லை. நன்றாக ஓடும் கார்டின் ஆயுளை ஒரு கையெழுத்து முடிவு செய்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஒன்பது வருட ஆதரவுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கதவு பூட்டியிருப்பதை நினைத்தால் நன்றி பாதியில் நின்றுவிடுகிறது.

நண்பனிடம் 580 எடு என்று சொல்லிவிட்டேன். அவன் வாலரண்ட் ஆடுகிறவன், அது லினக்ஸில் ஓடாது, தெரியும். விண்டோஸைத் தனி பார்ட்டிஷனில் வைத்துக்கொள்ளட்டும். 1060-க்கு 120 வாட் போதும், இதற்கு 185 வாட் வேண்டும், அதுவும் தெரியும். இருந்தாலும் 580தான்.

ஒன்று மட்டும் கவனம்: கிரிப்டோ மைனிங்கில் ஓடிய 580 நிறையச் சுற்றுகிறது. கார்டின் பயோஸை (அதற்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றியிருந்தால் விண்டோஸில் டிரைவர் ஒழுங்காக ஏறாது. பணம் கொடுக்கும் முன் கடையிலேயே டிரைவரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.