'நூறில் வைத்து நாள் முழுக்க ஓட்டலாம்' என்று சொல்லி விற்ற ஹோண்டாமேட்டிக்

பழைய ஆட்டோமேட்டிக் பைக் ஒன்றை வாங்கி ஹைவேயில் ஓட்டும் எண்ணம் இருந்தால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் வாங்கியது ஹோண்டா சிபி400ஏ, ஹோண்டாமேட்டிக் என்று ஹோண்டா பெயர் வைத்த ஆட்டோமேட்டிக் பைக்குகளில் ஒன்று. 1978-ல் வந்த மாடல், 395 சிசி, இரண்டு சிலிண்டர். கிளட்ச் லீவர் கிடையாது. ஸ்கூட்டரில் இருக்கும் பெல்ட்டும் கிடையாது. ஆட்டோமேட்டிக் கார்களில் வருவதுபோல டார்க் கன்வெர்ட்டர், அதாவது இன்ஜினின் விசையை ஆயில் வழியாகக் கடத்தும் அமைப்பு. லோ, டிரைவ் என்று இரண்டே கியர், அதையும் காலால் நாம்தான் மாற்ற வேண்டும். எனக்குப் பல வருட ஆசை. அது என் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்திருக்கும்.

"இன்ஜின் இப்பதான் வேலை பார்த்தது. நூறுல வச்சு நாள் முழுக்க ஓட்டலாம்" என்றார் விற்றவர். நான் தினமும் போகும் வழியில் பாதி ஹைவே என்பதால் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதே பதில். ஓட்டிப் பார்க்கவும் கொடுத்தார், ஆனால் பக்கத்துத் தெருக்களில் பத்தே நிமிடம். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. வாங்கிவிட்டேன்.

முதல் வாரமே ஹைவேயில் ஏறினேன். 90-ல் சீராகப் போய்க்கொண்டிருந்தது. அரை மணி நேரம் ஆகியிருக்கும், ஒரு மேட்டில் இன்ஜின் சத்தம் சட்டென்று ஏறியது, வேகம் மட்டும் இறங்கியது. 80, 70, 60. முறுக்க முறுக்க இரைச்சல்தான் கூடியது. பின்னால் ஒரு லாரி விளக்கை அடித்துக்கொண்டே நெருங்கியது. எப்படியோ ஓரத்துக்கு வந்து நின்றபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது, கீழிருந்து கருகிய ஆயில் வாடை. இருபது நிமிடம் ஆறவிட்டுக் கிளப்பினால், எதுவுமே நடக்காததுபோல ஓடியது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதே கதை.

மெக்கானிக் பிரித்துக் காட்டியபோதுதான் புரிந்தது. இந்த வண்டியில் இன்ஜின் ஆயிலேதான் கன்வெர்ட்டருக்கும். கிளட்ச் லீவர் இல்லாவிட்டாலும் உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் உண்டு, அவற்றை இறுக்கிப் பிடிப்பதும் அந்த ஆயிலின் அழுத்தம்தான். கன்வெர்ட்டரில் ஆயில் வழியாகவே விசை கடத்தப்படுவதால் கொஞ்சம் வழுக்கல் எப்போதும் உண்டு, அது முழுக்கச் சூடாக மாறும். ஹைவே வேகத்தில் நீண்ட நேரம் போனால் ஆயில் சூடேறி இளகும். ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்கள் தேய்ந்திருந்தால் அழுத்தம் குறையும், பிளேட் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடு. என் வண்டியின் பிளேட்டுகள் கருகிப்போயிருந்தன. அதை மறைக்க மிகவும் கெட்டியான ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். ஆறிய நிலையில் பத்து நிமிடம் ஓட்டினால் யாருக்கும் தெரியாது.

டயரும் அப்படித்தான். பட்டன் ஆழமாக இருந்ததைப் பார்த்து ஏமாந்தேன். டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரமும் வருடமும். என் பின் டயரில் 1109, அதாவது 2009-ன் 11-வது வாரம். ரப்பர் கல்லாகியிருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் 90-ல் போயிருக்கிறேன்.

மாடலை நான் குறை சொல்லவில்லை. நன்றாகப் பராமரித்த வண்டி ஹைவேயில் போகும். ஆனால் எதிர்க்காற்று, மேடு, பின்னால் இன்னொருவர் என்று சேர்ந்தால் கைவசம் மிச்சம் எதுவும் இருக்காது. மற்ற பைக்குகளில் ஒரு கியர் இறக்கித் தப்பிக்கலாம். இதில் டிரைவுக்குக் கீழே லோ மட்டும்தான், அந்த வேகத்தில் அது உதவாது.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் குறைந்தது முக்கால் மணி நேரம் ஓட்டி, ஆயில் நன்றாகச் சூடான பிறகு ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். சத்தம் கூடி வேகம் கூடாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆயிலைத் தொட்டு முகர்ந்தும் பாருங்கள். விற்பவர் நீண்ட ஓட்டத்துக்கு மறுத்தால் அதுவே பதில்.

விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இந்த மாதிரி வண்டியை அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி ஆறவிடணும், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார். அப்படியானால் அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை. வண்டி இன்னும் மெக்கானிக்கிடம் பிரித்தபடியே இருக்கிறது, பிளேட்டுகளையும் சீல்களையும் தேடிக்கொண்டிருக்கிறேன்.