ஒரே நிஃப்டி 50-க்கு மூன்று வழிகள்: செலவு விகிதத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

50 பெரிய நிறுவனப் பங்குகளைக் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டில் பணம் போட இன்று ஏகப்பட்ட இ.டி.எஃப்களும் (பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டுகள்) இண்டெக்ஸ் ஃபண்டுகளும் (ஃபண்ட் நிறுவனத்திடமே வாங்கி விற்பவை) இருக்கின்றன. எதைத் திறந்தாலும் உள்ளே அதே 50 பங்குகள்தான், அதே விகிதத்தில். அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? பெரும்பாலோர் செலவு விகிதத்தை (ஃபண்ட் நிறுவனம் ஆண்டுதோறும் பிடிக்கும் கட்டணம்) பார்த்துவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். முன்னணி நிஃப்டி இ.டி.எஃப்களில் அது கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கிறது. வாங்கும்போதும் விற்கும்போதும் திரையில் என்ன விலை கிடைக்கிறது என்பதில்தான் பணம் கரைகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க மூன்றை எடுத்துக்கொள்வோம்: நிப்பான் இந்தியாவின் நிஃப்டி பீஸ், எஸ்.பி.ஐ. நிஃப்டி 50 இ.டி.எஃப், ஏதாவது ஒரு பெரிய நிறுவனத்தின் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் (டைரக்ட் பிளான், அதாவது இடைத்தரகர் இல்லாமல் வாங்குவது).

நிஃப்டி பீஸ்தான் இந்தியாவின் முதல் இ.டி.எஃப். 2001 டிசம்பரில் பெஞ்ச்மார்க் என்ற நிறுவனம் தொடங்கியது. பிறகு கோல்ட்மேன் சாக்ஸ், ரிலையன்ஸ் என்று கைமாறி நிப்பானிடம் வந்து சேர்ந்தது. பழைய நிறுவனத்தின் முதல் எழுத்து இன்னமும் அந்த 'பீஸ்'-இல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஸ்.பி.ஐ. இ.டி.எஃப் பெருத்ததற்கு முக்கியக் காரணம் பி.எஃப். பணம். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2015 ஆகஸ்டிலிருந்து பங்குச் சந்தை இ.டி.எஃப்களில் போடும் தொகையில் பெரும்பங்கு இந்த நிறுவனத்தின் வழியாகவே போகிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபண்டின் அளவு பெரிதாக இருந்தால் எளிதில் வாங்கலாம், விற்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் 25 கோடி ரூபாய்க்கு மேல் போடுகிறவர்கள் ஃபண்ட் நிறுவனத்திடமே நேரடியாக யூனிட் வாங்கலாம். அந்தப் பணம் ஃபண்டின் அளவை ஏற்றுமே தவிர, சந்தைத் திரையில் ஒரு யூனிட்கூடக் கூடுதலாக விற்பனைக்கு வராது. உங்களுக்கும் எனக்கும் திரை ஒன்றுதான் வாசல். அந்த வாசலில் அன்றாட வியாபாரம் நிஃப்டி பீஸில்தான் அதிகம், அளவில் எஸ்.பி.ஐ. எவ்வளவு பெரியதாக இருந்தாலும்.

ஆர்டர் போடுவதற்கு முன் வாங்குவோர், விற்போர் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரு யூனிட்டின் உண்மை மதிப்பு 280.00 ரூபாய் என்று வையுங்கள். ஒரு இ.டி.எஃப்பில் விற்பவர் கேட்கும் விலை 280.15. ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கினால் கூடுதலாகப் போவது சுமார் 54 ரூபாய். வியாபாரம் மந்தமான இன்னொன்றில் கேட்கும் விலை 281.40 என்றால் போவது 500 ரூபாய். செலவு விகிதம் 0.04% உள்ள இ.டி.எஃப்புக்கும் 0.20% உள்ள இண்டெக்ஸ் ஃபண்டுக்கும் ஒரு லட்சத்தில் ஆண்டுக்கு 160 ரூபாய்தான் வித்தியாசம். அதாவது மூன்று ஆண்டுகளில் மிச்சப்படுத்த வேண்டியதை ஒரே ஆர்டரில் தொலைத்தாயிற்று. விற்கும்போது இதே கதை இன்னொரு முறை நடக்கும்.

உண்மை மதிப்பு என்ன என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஐ-என்.ஏ.வி., அதாவது சந்தை நேரத்திலேயே அவ்வப்போது கணக்கிடும் யூனிட் மதிப்பு. பங்கு இ.டி.எஃப்களுக்கு அதை 15 விநாடிக்கு மேல் தாமதமில்லாமல் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. சில செயலிகளில் தெரிவதோ முந்தைய நாள் என்.ஏ.வி. (நாள் முடிவில் கணக்கிடும் யூனிட் மதிப்பு). சந்தை 1% ஏறியிருக்கும் நாளில் அதை வைத்துப் பார்த்தால் இ.டி.எஃப் 1% அதிக விலைக்குப் போவதுபோலத் தோன்றும். இறங்கிய நாளில் மலிவாகக் கிடைப்பதுபோலத் தோன்றும். இரண்டுமே மாயை. ஐ-என்.ஏ.வி. கைக்கு எட்டவில்லையென்றால் மனக்கணக்கே போதும்: நேற்றைய என்.ஏ.வி. 280.00, நிஃப்டி இன்று 0.6% ஏற்றம் என்றால் மதிப்பு 281.68. விற்பவர் கேட்பது இதற்கு 10, 15 காசு மேலே இருந்தால் வாங்கலாம். குறியீட்டை 100-ஆல் வகுத்துப் பார்க்கும் குறுக்குவழி சிலரிடம் இருக்கிறது. ஃபண்டுக்குள் டிவிடெண்ட் சேரச் சேர அந்தக் கணக்கு விலகிக்கொண்டே போகும். அதை நம்ப வேண்டாம்.

மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கிற விலைக்கு வாங்குவது) வேண்டவே வேண்டாம், லிமிட் ஆர்டர் (நீங்கள் குறிக்கும் விலைக்குள் மட்டும் வாங்குவது) மட்டும். காலை 9.15-க்குச் சந்தை திறந்ததும் முதல் கால் மணி நேரத்தை விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் பங்குகளின் விலையே அப்போது நிலைகொண்டிருக்காது என்பதால் மார்க்கெட் மேக்கர்களும் (திரையில் தொடர்ந்து வாங்கும் விலையும் விற்கும் விலையும் தருபவர்கள்) அவ்விரண்டு விலைகளின் இடைவெளியை அகலமாகத்தான் வைத்திருப்பார்கள்.

அடுத்து, ஃபண்ட் குறியீட்டை எவ்வளவு நெருக்கமாகப் பின்தொடர்கிறது என்பது. விளம்பரங்களில் அடிபடுவது டிராக்கிங் எரர். தினசரி விலகல் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. தினமும் ஒரே அளவு பின்தங்கும் ஃபண்டுக்கு டிராக்கிங் எரர் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்கும். ஆண்டுக் கடைசியில் பார்த்தால் அரை சதவீதம் காணாமல் போயிருக்கும். எனவே பார்க்க வேண்டியது டிராக்கிங் டிஃபரன்ஸ், அதாவது ஃபண்டின் வருமானத்துக்கும் குறியீட்டின் வருமானத்துக்கும் உள்ள வித்தியாசம். ஃபண்ட் நிறுவனங்கள் இதை 1, 3, 5, 10 ஆண்டுக் கணக்கில் மாதந்தோறும் வெளியிட்டாக வேண்டும். டிவிடெண்டும் சேர்ந்த டோட்டல் ரிட்டர்ன் குறியீட்டுடன்தான் ஒப்பிட வேண்டும்; வெறும் நிஃப்டியோடு ஒப்பிட்டால் சுமாரான ஃபண்டும் கெட்டிக்காரனாகத் தெரியும். செலவு விகிதம் 0.2% உள்ள ஃபண்ட் 0.6% பின்தங்கினால் மீதி 0.4% எங்கே போனது? ரொக்கமாகச் சும்மா கிடந்திருக்கலாம், அல்லது மார்ச்சிலும் செப்டம்பரிலும் குறியீட்டில் பங்குகள் மாறும்போது மோசமான விலையில் வாங்கி விற்றிருக்கலாம். இண்டெக்ஸ் ஃபண்டில் இன்னொரு விஷயமும் உண்டு: மற்றவர்கள் பணம் போடுவதாலும் எடுப்பதாலும் வரும் வியாபாரச் செலவு எல்லா யூனிட்தாரர் தலையிலும் விழுகிறது. இ.டி.எஃப்பில் அவரவர் செலவு அவரவருக்கு.

அப்படியானால் இ.டி.எஃப் தானே மேல்? மாதாமாதம் 5,000 ரூபாய் போடுகிறவருக்கு அல்ல. யூனிட் 280 ரூபாய் என்றால் 17 யூனிட் வாங்கலாம், 4,760 ரூபாய். மீதி 240 சும்மா நிற்கும். புரோக்கர் ஓர் ஆர்டருக்கு 20 ரூபாய் பிடித்தால் அதுவே 0.4%. விற்கும் நாளில் எத்தனை யூனிட் என்று பாராமல் டீமேட் கணக்குக்கான (யூனிட்டுகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) கட்டணம் தனி. முத்திரைத் தீர்வை சந்தையில் வாங்கினால் 0.015%, இண்டெக்ஸ் ஃபண்டில் 0.005% (இது பொருட்படுத்தும் தொகை அல்ல). வரி மூன்றுக்கும் ஒன்றேதான்: ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20%, அதற்குப் பிறகு ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்தில் 12.5%. ஆகவே சிறுகச் சிறுகப் போடுகிறவருக்கு இண்டெக்ஸ் ஃபண்டே சரி. டீமேட் கணக்கும், டெலிவரிக்கு (அன்றே விற்காமல் வாங்கி வைத்துக்கொள்வது) கட்டணம் பிடிக்காத புரோக்கரும் இருந்து, லட்சக்கணக்கில் மொத்தமாகப் போடுகிறவருக்கு நிஃப்டி பீஸ். எஸ்.பி.ஐ.யின் விலை இடைவெளி அன்றைக்கு அதே அளவு குறுகலாக இருந்தால் தாராளமாக அதையும் வாங்கலாம்.

நினைத்த நொடியில் விற்கலாம் என்பதை இ.டி.எஃப்பின் பெரிய பலமாகச் சொல்வார்கள். 2020 மார்ச் 13-ஐ நினைத்துப் பாருங்கள். காலையில் திறந்த சில நிமிடங்களில் நிஃப்டி 10% விழுந்து, வியாபாரமே 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. மாலையில் முந்தைய நாளைவிட 3%-க்கு மேல் ஏறி முடிந்தது. அந்தப் பதற்றத்தில் இ.டி.எஃப்பை விற்றவருக்குக் கிடைத்தது காலை விலை. அதே காலையில் இண்டெக்ஸ் ஃபண்டை விற்கச் சொன்னவருக்கோ நாள் முடிவின் என்.ஏ.வி.! நேர்மாறாக நடக்கும் நாளும் வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் நீண்ட காலத்துக்கு வைத்திருப்பவருக்கு அந்த நொடி வசதி எதற்கு?

இந்த அலசல் முழுவதும் ஓர் அனுமானத்தில் நிற்கிறது: விலை மதிப்பைத் தாண்டி ஏறினால் புது யூனிட் உருவாக்கிச் சந்தையில் விற்பார்கள், அதனால் விலை மதிப்பை ஒட்டியே இருக்கும் என்பது. அமெரிக்கப் பங்குகளின் குறியீடான நாஸ்டாக் 100-ஐப் பின்தொடரும் மோதிலால் ஓஸ்வால் நாஸ்டாக் 100 இ.டி.எஃப்பில் அந்த அனுமானம் உடைந்தது. மியூச்சுவல் ஃபண்டுகள் வெளிநாட்டில் போட நாட்டளவில் ஒட்டுமொத்த உச்சவரம்பு உண்டு. அது நிரம்பியதும் புது யூனிட் உருவாக்க முடியவில்லை. வாங்குவோர் கூட்டம் குறையாததால் விலை சில காலங்களில் மதிப்பைவிட 10%-க்கும் மேலே போனது. அமெரிக்கச் சந்தை நம் பகலில் மூடியிருப்பதால் அங்கே ஐ-என்.ஏ.வி.யும் பழைய விலையைச் சுமந்துகொண்டிருக்கும். 200 ரூபாய் மதிப்புள்ள யூனிட்டை 220-க்கு வாங்கினால், வரம்பு தளர்ந்து பிரீமியம் (மதிப்புக்கு மேலான கூடுதல் விலை) மறையும் நாளில், நாஸ்டாக் அசையாமல் நின்றாலும் கையில் 9% குறைந்திருக்கும்.