பாத்திமாவுக்குப் 'பிரைவேட் டூர்' போகிறவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

போர்ச்சுகலில், 1917இல் மூன்று ஆயர் பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்த ஊர் பாத்திமா. லிஸ்பனிலிருந்து தனி வேன், தனி கைடு வைத்துக்கொண்டு அந்தத் திருத்தலத்துக்குப் போகத் திட்டமிட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாத்திமா திருத்தலத்துக்குள் நுழைய டிக்கெட் கிடையாது. மாதா காட்சி கொடுத்த இடத்தில் இருக்கும் சிற்றாலயம், இரண்டு பேராலயங்கள், காட்சி கண்ட மூன்று பேரின் கல்லறைகள் எதற்கும் கட்டணம் இல்லை. யாராவது பேராலயத்துக்கு 'நுழைவுச் சீட்டு' என்று காசு கேட்டால், அந்த ஆளோடு வண்டியில் ஏறாதீர்கள்.

எங்களிடம் கேட்டார்கள். தலைக்கு 15 யூரோ. பெரியம்மா தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

நாங்கள் போனது நான்கு பேர்: அம்மா, பெரியம்மா, என் கணவர், நான். பெரியம்மாவுக்கு ஒரு நேர்ச்சை இருந்தது. மாதா காலடியில் உட்கார்ந்து அவசரமில்லாமல் ஐம்பத்து மூன்று மணி செபமாலை முழுதும் சொல்லி, மெழுகுதிரி ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். அதற்காகத்தான் அந்த வயதில், அந்த முட்டிவலியோடு அவ்வளவு தூரம் வந்தார்கள். பஸ்ஸில் ஏறி இறங்கி அலைய வேண்டாமே என்றுதான் தனி வண்டி பார்த்தோம்.

விளம்பரத்தில் எல்லாமே நன்றாக எழுதியிருந்தது. எங்கள் குடும்பத்துக்கு மட்டுமான வேன், ஆங்கிலம் பேசும் தேர்ந்த வழிகாட்டி, திருத்தலத்தில் போதுமான நேரம், பிற்பகல் ஆங்கிலத் திருப்பலி, அப்புறம் காட்சி கண்ட பிள்ளைகள் பிறந்து வளர்ந்த அல்ஜுஸ்த்ரெல் கிராமம், அதன் பக்கத்தில் இன்னொரு காட்சி நடந்த வாலின்யோஸ். 480 யூரோ. முன்பணத்தைக் கார்டில் கட்டினோம், மீதியை அன்று காலை ரொக்கமாகத் தரச் சொன்னார்கள். வழியில் 'சில அழகான ஊர்களும்' பார்க்கலாம் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. எங்கள் நாளைத் தின்றது அந்த ஒரு வரிதான்.

வேன் தாமதமாக வந்தது. கதவைத் திறந்தால் உள்ளே ஏற்கெனவே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். "பிரைவேட் டூர் என்றுதானே பதிவு செய்தோம்?" என்று என் கணவர் கேட்டதற்கு, அவர்களும் அதே பக்கம்தான் போகிறார்கள், இடம் தாராளமாக இருக்கிறது என்று டிரைவர் பதில் சொன்னார். கைடு எங்கே என்றோம். பாத்திமாவில் வந்து சேர்ந்துகொள்வாராம். பாக்கிப் பணத்தையும் 'டிக்கெட்' பணத்தையும் எண்ணி வாங்கிக்கொண்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது. ரசீது கேட்டோம், சாயங்காலம் தருகிறேன் என்றார். போர்ச்சுகலில் எந்தச் சேவைக்கும் முறையான பில் கொடுத்தே ஆக வேண்டும், அது சட்டம். பில் தராத இடத்தில் வேறு எதையும் ஒழுங்காகத் தர மாட்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

லிஸ்பனிலிருந்து பாத்திமா சுமார் 125 கிலோமீட்டர். ஏ1 நெடுஞ்சாலையில் நேராகப் போனால் ஒன்றேகால் மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். எங்கள் வேன் ஏ8 சாலையைப் பிடித்து ஓபிதோஸுக்குப் போனது. அங்கிருந்து நஸாரே. ஓபிதோஸ் மதில் சூழ்ந்த பழைய ஊர், நஸாரே ராட்சத அலைகளுக்குப் பேர்போன கடற்கரை. இரண்டும் அழகான ஊர்கள்தான், ஊர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கல் பாவிய மேட்டுத் தெருக்களில் பெரியம்மா எப்படி நடப்பார்கள்? இரண்டு இடத்திலும் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் பாத்திமாவுக்குப் போய்விடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்டோம். மற்ற தம்பதி இந்த ஊர்களுக்குத்தான் பணம் கட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் தனி வண்டி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

நஸாரேயில் டிரைவர் காட்டிய உணவகத்தில் சாப்பாடு நீண்டுகொண்டே போனது. பாத்திமாவை அடைந்தபோது ஆங்கிலத் திருப்பலி முடிந்திருந்தது.

சரி, இனியாவது கோயிலுக்குப் போகலாம் என்று இறங்கினால், வண்டி நின்றது ஒரு பெரிய செபமாலைக் கடை வாசலில். உள்ளே டிரைவரைப் பெயர் சொல்லி வரவேற்றார்கள். இங்கே விற்கும் செபமாலை, சுரூபம் (சிலை) எல்லாம் ஏற்கெனவே மந்திரித்தவை (குருவானவர் ஆசீர்வதித்தவை), வேறு எங்கும் இப்படிக் கிடைக்காது என்று அவர் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. மந்திரித்த பொருள் என்று சொல்லி விலை வைத்து விற்பது நம் திருச்சபை வழக்கமே இல்லை. வாங்கிய பிறகு குருவானவரிடம் கொண்டுபோய் மந்திரித்துக்கொள்வதுதான் முறை. விசுவாசத்தோடு வருகிறவர்கள் இந்த ஒரு வார்த்தைக்கு மயங்குவார்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறார்கள். அம்மா சொந்தக்காரர்களுக்காக ஒரு பை நிறைய வாங்கினார்கள். அதே செபமாலை பக்கத்துத் தெருவில் பாதி விலைக்குத் தொங்குவதைப் பின்னர் பார்த்தோம்.

கடையிலிருந்து வெளியே வந்ததும், திருத்தலத்தில் ஐம்பது நிமிடம், சரியான நேரத்துக்கு வேனுக்கு வந்துவிடுங்கள் என்றார் டிரைவர். கைடு யார்? அவரேதான். கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

அவர் சொன்னதில் பாதி தப்பு. சிற்றாலயத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு நிற்கும் பெரிய ஓக் மரத்தைக் காட்டி, மாதா நின்றது இந்த மரத்தின்மேல்தான் என்றார். அது உண்மையில்லை. மாதா காட்சி கொடுத்தது ஒரு சின்ன ஓக் மரத்தின்மேல். வந்தவர்கள் எல்லாம் நினைவுக்கென்று கிளையாக, இலையாக ஒடித்துக்கொண்டு போய் அந்த மரமே இல்லாமல் போயிற்று. மாதா சுரூபம் வைத்திருக்கும் பளிங்குத் தூண்தான் இன்று அந்த இடத்துக்கு அடையாளம். பெரிய மரத்தடியில் பிள்ளைகளும் வந்தவர்களும் செபமாலை சொல்லிக் காத்திருந்தார்கள். அதுவும் புனிதமான நினைவுதான், ஆனால் வேறு நினைவு.

1917 மே 13 முதல் அக்டோபர் 13 வரை ஒவ்வொரு மாதமும் 13ஆம் தேதி, இதே இடத்தில் காட்சி நடந்தது என்றார். ஆகஸ்ட் மாதக் காட்சி அங்கே நடக்கவே இல்லை. ஆகஸ்ட் 13 அன்று உள்ளூர் நிர்வாக அதிகாரி மூன்று பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போய் பக்கத்து ஊரான ஓரேமில் அடைத்து மிரட்டினார். பத்து வயது லூசியா, ஒன்பது வயது பிரான்சிஸ்கோ, ஏழு வயது ஜெசிந்தா. மாதா சொன்ன இரகசியத்தைப் பற்றி மூவரும் வாய் திறக்கவில்லை. விடுவிக்கப்பட்ட பிறகு, 19ஆம் தேதி வாலின்யோஸில் மாதா அவர்களுக்குக் காட்சி கொடுத்தார்கள். எங்களுக்குக் காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய அதே வாலின்யோஸ். அந்த இடத்துக்கு ஏன் போக வேண்டும் என்பதே இந்த நிகழ்ச்சியால்தான், அதையே விழுங்கிவிட்டார்.

இன்னொன்று. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலை 1981 மே 13 அன்று சுட்ட தோட்டா, சிற்றாலயத்தில் நாம் பார்க்கும் சுரூபத்தின் கிரீடத்திலேயே எப்போதும் இருப்பதாகச் சொன்னார். பெரியம்மா வெகுநேரம் அண்ணாந்து தேடினார்கள். அந்த விலைமதிப்புள்ள கிரீடத்தைப் பெருவிழா நாட்களில்தான் சூட்டுகிறார்கள். மற்ற நாட்களில் திருத்தலத்தின் காட்சிக்கூடத்தில் பார்க்கலாம். இதையெல்லாம் தெரியாதவர் கைடாக இருக்கக் கூடாது. அதற்குத்தானே காசு கொடுக்கிறோம்?

பேராலயத்துக்குள் நுழையும்போது டிக்கெட்டைக் காட்ட வேண்டுமே என்று பெரியம்மா பதறினார்கள். வாசலில் டிக்கெட் கேட்க ஆளே இல்லை. எல்லோரும் சும்மா உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தேகம் வந்து திருத்தலத்தின் தகவல் மையத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்த பெண்மணி பொறுமையாக வரைபடம் ஒன்றைக் கொடுத்து, இங்கே எதற்கும் டிக்கெட் இல்லை, மெழுகுதிரிக்குக்கூட நீங்களே எடுத்துக்கொண்டு விருப்பப்பட்ட காணிக்கையைப் போட்டால் போதும் என்றார். அல்ஜுஸ்த்ரெலில் பிள்ளைகளின் வீடுகள் திறந்திருக்கின்றன, இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்தான் என்றும் சொன்னார்.

டிரைவரிடம் வந்து கேட்டேன். முதலில் அந்த வீடுகள் இன்று மூடியிருக்கின்றன என்றார். திறந்திருக்கிறதாமே என்றதும், அது தனிப் பயணம், 60 யூரோ ஆகும் என்றார். நான் குரலை உயர்த்தினேன். அம்மா என் கையைப் பிடித்து, "மாதா கோயில் வாசல்ல நின்னு சண்டை போடாதடி, வா போகலாம்" என்றார்கள். பெரியம்மா அப்போது செபமாலையின் ஐந்து பகுதிகளில் மூன்றாவதான மூன்றாவது தேவ இரகசியத்தில் இருந்தார்கள். நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தோம். போன பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

ஊர் திரும்புவதற்கு முன் நாட்கள் மிச்சமிருந்ததால் மறுபடியும் போனோம், இந்த முறை பஸ்ஸில். லிஸ்பன் செத்தே ரியோஸ் பஸ் நிலையத்திலிருந்து நேரடிப் பஸ், ஒன்றரை மணி நேரம்போல ஆகிறது. இறங்கி மெதுவாக நடந்தாலே திருத்தலம் வந்துவிடும், பெரியம்மாவுக்கே சிரமமாக இல்லை. ரயிலில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: பாத்திமா என்று பெயர் வைத்த ரயில் நிலையம் திருத்தலத்திலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பஸ்தான் சரி. ஓர் இரவு அங்கேயே தங்கினோம். தங்காமல் திரும்புகிறவர்கள் இரவு மெழுகுதிரிப் பவனியைத் தவறவிடுகிறார்கள். ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரை தினமும் இரவு ஒன்பதரைக்குச் செபமாலை, செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிகளையும் ஒவ்வொரு மொழியில் மாறி மாறிச் சொல்கிறார்கள். பாடலில் 'ஆவே' (வாழ்க) வரும்போதெல்லாம் அத்தனை பேரும் மெழுகுதிரியை உயர்த்துகிறார்கள். லிஸ்பனிலிருந்து ஒரு நாள் டூர் என்று விற்கிற வண்டிகளில் பல சாயங்காலமே கிளம்பிவிடும், அவற்றில் போனால் இதைப் பார்க்கவே முடியாது.

மறுநாள் காலையில் டாக்ஸி பிடித்து அல்ஜுஸ்த்ரெல் போனோம். சின்னச் சின்ன அறைகளும் தாழ்ந்த கூரையுமாக லூசியாவின் வீடு. தோட்டத்தின் பின்னால் வானதூதர் காட்சி கொடுத்த கிணறு. அண்ணன் தங்கையான பிரான்சிஸ்கோ, ஜெசிந்தாவின் மார்த்தோ குடும்ப வீட்டில், 1919இல் பிரான்சிஸ்கோ உயிர்விட்ட அறை. அங்கிருந்து ஒலிவ மரங்களுக்கு நடுவே சிலுவைப் பாதையில் கொஞ்சம் நடந்தால் வாலின்யோஸ். ஹங்கேரி நாட்டுக் கத்தோலிக்கர்கள் எழுப்பிய சிலுவைப் பாதை அது. பேச்சுச் சத்தமே இல்லாத இடம். போய்வந்த டாக்ஸிக்கு நாங்கள் கொடுத்தது அந்த 60 யூரோவில் ஒரு சிறு பகுதி. பெரியம்மா அன்று சிற்றாலயத்தில் முதல் மணியிலிருந்து ஆரம்பித்துச் செபமாலையை முழுதும் சொல்லி முடித்தார்கள், யாரும் எழுப்பவில்லை.

வயதானவர்களோடு போகிறவர்களுக்குத் தனி வண்டி வேண்டியிருக்கும், அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கைடுகளும் நிச்சயம் இருக்கிறார்கள். ஆனால் பாத்திமாவோடு ஓபிதோஸ், நஸாரே, பத்தால்யா எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்கிய டூரை நேர்ச்சைக்காகப் போகிறவர்கள் எடுக்காதீர்கள். அது சுற்றுலாப் பயணிக்கானது. திருத்தலத்தில் எத்தனை மணி நேரம், அல்ஜுஸ்த்ரெல் உண்டா, வண்டி ஓட்டுகிறவரும் கைடும் ஒரே ஆளா, வேறு யாராவது ஏறுவார்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். போர்ச்சுகலில் பயண முகவர்களும் சுற்றுலா நிறுவனங்களும் அரசின் சுற்றுலா அமைப்பான துரீஸ்மோ த போர்ச்சுகலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒழுங்கான நிறுவனம் உடனே கொடுக்கும். ரொக்கம் மட்டும்தான் என்றால் வேறு இடம் பாருங்கள். மே முதல் அக்டோபர் வரை 12, 13 தேதிகளில் கூட்டம் கட்டுக்கடங்காது, முட்டிவலிக்காரர்களோடு போகிறவர்கள் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஏமாற்றப்பட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அந்த நாட்டில் பொதுமக்களுக்குச் சேவை தரும் ஒவ்வொரு நிறுவனமும் 'லிவ்ரோ த ரெக்லமசோயிஸ்' என்ற புகார்ப் புத்தகத்தை வைத்திருந்தே ஆக வேண்டும். அதை இணையத்திலும் நிரப்பலாம், ஊருக்குத் திரும்பிய பிறகும் நிரப்பலாம். நிறுவனம் 15 வேலை நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். விளம்பரத்தின் படம், டிரைவரோடு நடந்த வாட்ஸாப் பேச்சு, வண்டி எண் எல்லாவற்றையும் இணைத்து நான் அனுப்பினேன். அதுவரை என் மின்னஞ்சல்களுக்கு வாய் திறக்காதவர்கள், பயணத் திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது என்று ஒரு பதிலும், 'டிக்கெட்' என்று வாங்கிய 60 யூரோவையும் அனுப்பினார்கள். அந்தப் பணத்தைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மீதிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.