ஆடு, தேனீ, காய்கறித் தோட்டம்: ஐந்து மழைக்காலம் பார்த்த பிறகு

பண்ருட்டிக்குத் தெற்கே காடாம்புலியூர் பக்கம் எங்களுக்கு 70 சென்ட் கொல்லை இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததில் அப்பா வைத்த முந்திரி பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. மிஞ்சியது 11 முந்திரியும் ஒரு பலாவும்தான். வெறுமனே கிடந்த அந்த இடத்தில் 2020 ஆனியில் செம்மறி வாங்கி விட்டேன். 2021 தையில் தேனீப் பெட்டி வைத்தேன். காய்கறித் தோட்டம் அதற்கு முன்பிருந்தே அம்மா பார்த்துக்கொள்வது.

இதைத் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மாசி பங்குனியில்தான் இடத்தைப் பார்க்கிறார்கள். அப்போது தரை காய்ந்திருக்கும், முந்திரி பூத்திருக்கும், எல்லாம் சுலபமாகத் தெரியும். நானும் அப்படிப் பார்த்துத்தான் கணக்குப் போட்டேன். நம் பக்கத்தில் கணக்கை ஐப்பசி கார்த்திகையிலிருந்து போட வேண்டும். எனக்கு நேர்ந்த நஷ்டம் கிட்டத்தட்ட முழுவதும் அந்த இரண்டு மாதத்தில் வந்ததுதான்.

முதலில் ஆடு. வெள்ளாடு தலையைத் தூக்கி மேயும், எட்டிய கிளையெல்லாம் போய்விடும். செம்மறி குனிந்து புல்லை மேயும். முந்திரிக்கு அடியில் களை வளராமல் இருக்க வேண்டும் என்பதால் செம்மறிதான் என்று முடிவு செய்தேன். மெட்ராஸ் ரெட் இனத்தில் ஐந்து பெட்டை, ஒரு கிடா. கம்பளி கிடையாது, குட்டை முடிதான், நம் வெக்கையைத் தாங்கும். வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கினேன்.

கொட்டாயைத் தரையோடு போட்டதுதான் தவறு. 2020 நவம்பர் கடைசியில் நிவர் புயல் வந்தது. கூரை நின்றது, ஆனால் தரை சேறாகிவிட்டது. நாலாம் நாள் ஒரு பெட்டை முன்னங்காலை ஊன்றாமல் நின்றது. மடியில் சாய்த்துக் காலைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு குளம்புக்கும் நடுவில் தோல் வெள்ளையாக ஊறிப் பிளந்திருந்தது. விரல் பட்டதும் ஒரு அழுகல் நாற்றம். பொட்டாசியம் பர்மாங்கனேட் கலந்த தண்ணீரில் கழுவி, மருந்து போட்டு, காய்ந்த மணலைக் கொட்டி அதில் கட்டினேன். அது பிழைத்தது. ஆனால் அந்த வாரம் இரண்டு குட்டிகள் சளி பிடித்துச் செத்தன. ஊரில் ஆடு மேய்த்தே காலம் கழித்த ஒரு பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, ஆடு மழையைத் தாங்கும், சேத்தைத் தாங்காது" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் ஆனியிலேயே கேட்டிருக்கலாம்.

மறுவருடம் நாலடி உயரத்தில் பரண் போட்டோம். சட்டங்களுக்கு நடுவில் புழுக்கை விழ வேண்டும், குட்டியின் கால் மாட்டக் கூடாது. அந்த இடைவெளியை ஆசாரியிடம் உட்கார்ந்து பார்த்துச் செய்து வாங்குங்கள். மொத்தம் 38,000 ரூபாய் ஆனது. ஐந்து வருடத்தில் நான் செய்த செலவுகளில் இதற்குத்தான் கொஞ்சமும் வருத்தப்பட்டதில்லை. அதற்குப் பிறகு கால் அழுகல் ஒன்றுகூட வரவில்லை.

மழைக்கு முன்பே துள்ளுமாரி என்ற குடல் நோய்க்கான தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் முடிந்துவிட வேண்டும். மழை பெய்ததும் முளைக்கிற இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி வரும். காலையில் பனி காய்ந்த பிறகே அவிழ்த்து விடுகிறேன், ஏனென்றால் ஈரப்புல்லில்தான் புழு ஏறி நிற்கும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. செம்மறிக்குத் தாமிரம் ஆகாது. மாட்டுக்கு வாங்கிய தாது உப்பை இதற்கும் கொடுக்காதீர்கள். தாமிரம் கலந்த பூஞ்சை மருந்தான போர்டோ கலவை தெளித்த செடிக்கு அடியிலும் மேய விடாதீர்கள்.

அப்புறம் தேனீ. நான் வைத்தது நம் நாட்டு அடுக்குத் தேனீ, அதற்கென்று உள்ள நியூட்டன் வகை மரப்பெட்டி இரண்டு. தாங்கியின் நாலு காலுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம் இருக்க வேண்டும், இல்லையென்றால் எறும்பு ஏறிவிடும். தை, மாசியில் முந்திரி, பங்குனி, சித்திரையில் வேம்பு, அதற்கு மேல் முருங்கையும் தென்னையும் என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் பக்கத்தில் நின்றால் வரும் அந்த மெழுகு வாசனைக்காகவே காலையில் சீக்கிரம் எழுந்திருப்பேன்.

ஐப்பசி அடைமழையில் பூ கிடையாது, பூத்ததையும் மழை கழுவிவிடும். சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் தேன் அறையில் கொஞ்சம் தேன் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். கார்த்திகையில் மூடியைத் திறந்தால் ஒரு பெட்டி காலி. நம் தேனீ பசியில் உட்கார்ந்து சாகாது, கூட்டோடு கிளம்பிவிடும். அடைகளில் மெழுகுப் பூச்சியின் நூலாம்படைதான் மிச்சம். இப்போது புரட்டாசியில் தேன் எடுப்பதே இல்லை. மழை தொடங்கியதும் ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, சாயங்காலத்தில் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறேன்.

மழைக்கு அடுத்த பயம் மருந்து தெளிப்பு. முந்திரித் தளிரிலும் பூவிலும் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்காகச் சுற்றியிருக்கும் முந்திரிக் கொல்லைகளில் பூக்கும் நேரத்தில் தெளிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அது அவர்கள் வருமானம். நாலு பக்கத்துக் கொல்லைக்காரர்களிடமும் போய்ப் பேசினேன். தேனீ அடங்கிய பிறகு சாயங்காலம் தெளிக்க மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள். நாலாமவர் ஒரு பெரியப்பா, தெளிக்கப் போவதை முதல் நாளே சொல்லிவிடுகிறார். தெளிக்கிற அன்று விடியும் முன்பே பெட்டி வாசலில் வலை அடித்து, மேலே ஈரச் சாக்குப் போட்டுவிடுவேன். பக்கத்தில் பேச முடியாத இடமாக இருந்தால் பெட்டி வாங்காதீர்கள்.

ஆட்டையும் பெட்டியையும் ஒரே வேலிக்குள் வைக்கக் கூடாது என்பதை எங்கள் கிடா கற்றுக்கொடுத்தது. முதுகு தேய்க்க வந்து தாங்கியைச் சாய்த்துவிட்டது. மூஞ்சி வீங்கி இரண்டு நாள் இரை எடுக்கவில்லை. இப்போது நடுவில் கிளிரிசிடியா வேலி இருக்கிறது. அதன் பூ தேனீக்கு, தழை அளவாக ஆட்டுக்கு. கோடையில் ஆட்டுத் தொட்டிக்கே தேனீ தண்ணீர் குடிக்க வந்து மூழ்கிச் செத்தது. தென்னை மட்டைத் துண்டு இரண்டை மிதக்க விட்டேன், சரியாகிவிட்டது.

தோட்டத்தில்தான் இரண்டும் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்கிறேன். ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்பார்கள். பரணுக்கு அடியில் மழை படாமல் சேரும் புழுக்கையை மக்கவைத்துப் போட்டால் அந்தப் பட்டத்திலேயே வெண்டையில் வித்தியாசம் தெரிகிறது. முன்பெல்லாம் பூசணியில் பிஞ்சு வெம்பி விழும், அம்மா விடிகாலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுவார். பெட்டி வந்த பிறகு அந்த வேலையே இல்லை. ஆறு மணிக்குப் பூவுக்குள் எட்டிப் பார்த்தால் உடம்பெல்லாம் மஞ்சள் தூளோடு இரண்டு மூன்று தேனீ புரண்டுகொண்டிருக்கும். பீர்க்கு, சுரை இரண்டும் சாயங்காலம் பூப்பவை. அவற்றுக்குத் தேனீயை நம்ப முடியாது, அதெல்லாம் அந்துப்பூச்சியின் வேலை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. இரண்டு நாள் கழித்துத் தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் மேட்டுக் கொல்லைக்கு ஆற்று வெள்ளம் வராது, ஆனால் மழைத் தண்ணீர் தேங்கித் தோட்டம் மொத்தமும் போனது. கத்தரி நின்ற நிலையிலேயே வாடியது. ஆடுகள் மூன்று நாள் பரணை விட்டு இறங்கவில்லை. காய்ந்த மல்லாட்டை (நிலக்கடலை)க் கொடியும் பலா இலையும்தான் தீனி. பெட்டிகளை இடம் மாற்றினால் தேனீக்குத் திரும்பி வர வழி தெரியாது என்பதால் நின்ற இடத்திலேயே கயிறு போட்டுக் கட்டி, மூடி மேல் கல் வைத்திருந்தேன். வெயில் வந்த அன்று உச்சிப்பொழுதில் இரண்டு வாசலிலும் தேனீ வெளியே வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வரவு என்று பார்த்தால் ஆடுதான். வருடத்துக்கு ஆறேழு கிடாக்குட்டி விற்கிறோம், தீபாவளிக்கு முன் விலை நன்றாக இருக்கும். தேன் இரண்டு பெட்டிக்கும் சேர்த்து எட்டு கிலோ வருகிறது, பாதி சொந்தக்காரர்களுக்கே போய்விடும். காய்கறி வீட்டுக்கு.

பெட்டைகள் இப்போது எட்டு. 70 சென்ட்டுக்கு இதற்கு மேல் கூட்ட மாட்டேன். வருகிற தையில் மூன்றாவது பெட்டி வைக்கிறேன். கத்தரிக்கு ஓரடி உயரத்தில் மேட்டுப்பாத்தி போட்டாகிவிட்டது. சித்திரை அறுவடையில் வாங்கிய மல்லாட்டைக் கொடி தார்ப்பாய்க்கு அடியில் போராக இருக்கிறது, கார்த்திகை வரை அதைத் தொடுவதில்லை.