தாமானில் இரட்டை மாடியா, கீழ்த்தளம் முடியாத சரிவு வீடா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கூட்டுக் குடும்பத்திற்கு வீடு தேடியபோது, ஏறக்குறைய 500,000 வெள்ளி (ரிங்கிட்) விலையில் கடைசியாக இரண்டு வீடுகள் மிஞ்சின. ஒன்று, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் எழும்பிவரும் தாமானில், அதாவது புதிய வீடமைப்புப் பகுதியில், 22க்கு 75 அடி மனையில் அமையும் இரட்டை மாடித் தொடர் வீடு. மற்றொன்று, நிலம் சரிவாக இறங்கும் ஓரத்தில் ஆறு ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட தனி வீடு. அதன் மேல்தளம் சாலை மட்டத்திலேயே ஐந்து அறைகளுடன் விசாலமாக இருக்கிறது. அடியிலோ தூண்களும் பூசாத செங்கல் சுவர்களும் மட்டுமே கொண்ட கீழ்த்தளம் அரைகுறையாக நிற்கிறது.

சட்டப் பாதுகாப்பில் தாமான் வீடே முந்துகிறது. 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழான ஒப்பந்தப்படி, மேம்பாட்டாளர் 24 மாதங்களுக்குள் சாவியைத் தர வேண்டும். அதன்பின் 24 மாதங்கள் வரை தெரியவரும் குறைகளைத் தம் செலவில் சரிசெய்யவும் வேண்டும். வங்கியும் கட்டுமானம் வளர வளரவே பணத்தை விடுவிக்கும். சரிவு வீட்டை முதல் உரிமையாளரிடமிருந்து வாங்குவதால் இவை எதுவும் கிடையாது. முழுக் கடனுக்கும் தொடக்கத்திலிருந்தே வட்டி ஓடும். சொத்து மாற்ற முத்திரைத் தீர்வை மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்: முதல் வீட்டுக்கான விலக்கு இல்லாதவருக்கு 9,000 வெள்ளி.

ஆயினும் எட்டுப் பேர் வாழும் வீட்டில், முழங்கால் வலியுள்ள அம்மா படியேறாமல் சமையலறைக்கும் பூசை அறைக்கும் போய்வர முடிவது சிறிய நன்மையன்று. தாமான் வீட்டின் கீழ்மாடியில் அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு சிறிய அறைதான்.

அந்தக் கீழ்த்தளத்தை "இலவசமாகக் கிடைக்கும் மூன்று அறைகள்" என்று முகவர் வருணித்தார். அளவு நாடா வேறு கணக்கைச் சொன்னது. கட்டட விதிகளின்படி படுக்கையறையின் உயரம் குறைந்தது 2.5 மீட்டர் இருக்க வேண்டும், சமையலறைக்கு 2.25 மீட்டர் போதும். அங்கே இருந்தது 2.3 மீட்டர். தரையைத் தோண்டி உயரத்தைக் கூட்டலாம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அடித்தளத்தை ஒட்டி மண்ணை எடுப்பது முழு வீட்டையும் அசைக்கக்கூடிய வேலை என்பதால், பொறியாளரின் வரைபடமின்றி அதைத் தொடக்கூடாது. அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது சன்னல் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. மண்ணுக்குள் புதைந்த மூன்று பக்கங்களிலும் அதற்கு வழியில்லை. சரிவை நோக்கித் திறந்திருக்கும் ஒரு பக்கமே பயன்படும். எல்லாவற்றுக்கும் முன்னால், நகராண்மைக் கழகம் அங்கீகரித்த வரைபடத்தில் இந்தத் தளம் இடம்பெற்றிருக்கிறதா என்பதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். மண்ணைத் தாங்கும் சுவரில் நீர் வடியும் துளைகள் அடைபட்டுக் கிடந்தன. முழங்கால் உயரத்தில் உப்புப் பூத்த வெள்ளைக் கோடு தெரிந்தது. கசிவைத் தடுக்கும் படலம் சுவரின் மண் பக்கத்தில் இருக்க வேண்டியது. உட்புறம் பூசும் வண்ணம் கறையை மறைக்குமே தவிர நீரை நிறுத்தாது. தோட்ட நிலத்திற்கே உரிய கரையான் அச்சம் இரண்டு வீடுகளுக்கும் பொது: புதைந்து கிடக்கும் பழைய ரப்பர் மரக்கட்டைகளே அதற்குத் தீனி.

இந்த வேலைகளின் செலவு வீட்டுக் கடனில் அடங்காது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊழியர் சேமநிதியின் (EPF) செஜாத்தெரா கணக்கிலிருந்து, அதாவது ஓய்வுக்கு முன்பே சில தேவைகளுக்கு எடுக்கக்கூடிய பகுதியிலிருந்து, வீடு வாங்கவோ கட்டவோ பணம் எடுக்கலாம். புதுப்பிக்க எடுக்க முடியாது. ஆகவே கையிலுள்ள ரொக்கமோ வட்டி மிகுந்த தனிநபர் கடனோதான் வழி.

பழைய ஒற்றை மாடி வீட்டை வாங்கிப் பின்புறம் நீட்டும் யோசனையும் எழுந்தது. எட்டுப் பேருக்கு அது எந்த வகையிலும் போதாது. தென்மேற்கில் பள்ளம் ஆகாது என்று பெரியப்பா சரிவு வீட்டை மறுத்தார். திசைகாட்டியை வைத்துப் பார்த்தபோது பள்ளம் கிழக்கில் இருந்ததால் அமைதியானார்.

என் கணிப்பில் சரிவு வீடே மேல். ஆனால் மேல்தளத்திற்கு மட்டும் விலை பேசி, வடிகாலைச் சீராக்கும் செலவையும் அதில் கழித்துக்கொண்டால்தான். விற்பவர் அதற்கு இணங்காவிட்டால் தாமான் வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம். இணங்கினால், அக்டோபர், நவம்பர் மழை முழுவதும் அந்தச் சுவர் எப்படித் தாங்குகிறது என்று பார்த்த பிறகே கீழ்த்தளத்தில் கை வைப்போம். அதுவரை அது மோட்டார் சைக்கிள்களை நிறுத்தும் இடமாகவே இருக்கும்.