மாலை ஆறரை முதல் பத்தரை வரை: மின்சார சபையின் நேரவாரிக் கட்டணம் திருகோணமலை வீட்டுக்குச் சரிவருமா?

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் போனில் கரண்ட் பில் கதையைத் தொடங்கினால், "ஃபிக்ஸ் பண்ணிட்டம்" என்ற சொல் கட்டாயம் வரும். அங்கே ஒரு கம்பனியோடு வருடக் கணக்கில் ஒரே விலைக்கு ஒப்பந்தம் போடலாம். இல்லாவிட்டால் அந்நாட்டு எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்ஜெம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் உச்சவரம்போடு ஏறி இறங்கும் விலையில் இருக்கலாம். பிடிக்காவிட்டால் கம்பனியையே மாற்றலாம். திருகோணமலையின் உவர்மலையிலோ கிண்ணியாவிலோ இருப்பவருக்கு இந்தத் தெரிவு எதுவும் இல்லை. நாட்டின் மற்ற மின் விநியோகக் கம்பனியான லெக்கோ மேற்குக் கரையோரத்தைத் தாண்டி வருவதில்லை. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டம் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழி திறந்தாலும், வீட்டு வாசலுக்கு வரும் கம்பி ஒன்றுதான்.

நிலையான விலை என்பதை நாமும் ஒருகாலம் அனுபவித்தோம். 2014 செப்டெம்பரில் வந்த கட்டணம் 2022 ஓகஸ்ட் வரை அசையவில்லை. அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்: 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீத ஏற்றம், 2023 பெப்ரவரியில் 66 வீதம், அதே ஆண்டு ஜூலையில் 14.2 வீத இறக்கம், ஒக்டோபரில் 18 வீத ஏற்றம், 2024 மார்ச்சில் 21.9 வீத இறக்கம், ஜூலையில் 22.5 வீத இறக்கம், 2025 ஜனவரியில் 20 வீத இறக்கம், ஜூனில் மறுபடி 15 வீத ஏற்றம். இதைப் பூட்டி வைக்க எந்தப் படிவமும் கிடையாது. வீட்டுக்காரர் கையில் இருப்பது வேறொரு தெரிவு: வழமையான படிமுறைக் கட்டணத்திலேயே இருப்பதா, "டி.ஓ.யூ." என்று அலுவலகத்தில் சொல்லும் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறுவதா?

படிமுறையில் எத்தனை யூனிட் என்பதுதான் கேள்வி. எப்போது என்று யாரும் கேட்பதில்லை. நேரவாரியில் அதற்கு மறுதலை. நாள் மூன்றாகப் பிரிகிறது: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், 10.30 முதல் காலை 5.30 வரை உச்சமற்ற நேரம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விலை, படி கிடையாது. விளக்கு, ரிவி, ஃபேன், ரைஸ் குக்கர் எல்லாம் நாடு முழுக்க ஒன்றாக ஓடும் நான்கு மணித்தியாலத்தைச் சமாளிக்கச் செலவு கூடிய எண்ணெய் மின்நிலையங்களையும் ஓட்ட வேண்டியிருப்பதால்தான் உச்ச நேரத்துக்கு அந்த விலை.

கணக்கை 2014 அட்டவணையில் போட்டுப் பார்ப்பது நல்லது. விலை இப்போது வேறு. ஆனால் எட்டு வருடம் அசையாமல் இருந்தது அதுதான், படிகளின் உருவமும் இன்றுவரை அதேதான். மின் கட்டணத்துக்கு அனுமதி கொடுக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் கடைசி அறிவிப்பில் உள்ள விலையை அந்தந்த இடத்தில் மாற்றிப் போட்டால் இன்றைய விடை வந்துவிடும். மறக்காமல் 2.56 வீத சமூகப் பாதுகாப்பு அறவீட்டையும் கடைசியில் சேர்க்க வேண்டும்.

முதலில் படிமுறை. மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றவருக்கு முதல் 30 யூனிட் 2.50 ரூபா, அடுத்த 30 யூனிட் 4.85, நிலையான கட்டணம் 60. மொத்தம் 280.50 ரூபா. ஒரே ஒரு யூனிட் கூடி 61 ஆனால் முதல் 60 யூனிட்டும் 7.85 ஆக மாறி, பில் 571 ரூபா. 90 யூனிட்டில் 861. 91 இல் 1,278.75. ஒரு யூனிட் 417.75 ரூபாவைத் தூக்கிக்கொண்டு வருகிறது, ஏனென்றால் நிலையான கட்டணம் 90 இலிருந்து 480 க்குப் பாய்கிறது. அதற்கு மேல் 120 வரை 27.75, 180 வரை 32, அதைத் தாண்டினால் 45 ரூபாவும் 540 நிலையான கட்டணமும். அதே அட்டவணையில் நேரவாரி: பகல் 25, உச்சம் 54, உச்சமற்றது 13, நிலையான கட்டணம் 540.

இனி நான்கு வீடுகள்.

மாதம் 120 யூனிட், ஏசி இல்லாத சாதாரண வீடு. படிமுறையில் 2,083.50. நேரவாரியில் பகல் 50, உச்சம் 40, இரவு 30 என்று வைத்தால் 4,340. இரட்டிப்புக்கு மேல். இந்த வீட்டுக்காரர் இதற்கு மேல் வாசிக்கவே தேவையில்லை. அவருடைய இலாபம் 90 க்குக் கீழே இறங்குவதில் இருக்கிறது.

200 யூனிட்: படிமுறை 4,963.50. பகல் 85, உச்சம் 65, இரவு 50 என்றால் நேரவாரி 6,825. இன்னும் நட்டம்.

250 யூனிட்: படிமுறை 7,213.50. பகல் 90, உச்சம் 60, இரவு 100 என்றால் 7,330. கிட்டத்தட்டச் சமம். உச்ச நேரத்திலிருந்து 20 யூனிட்டை இரவுக்குத் தள்ளினால் 820 ரூபா குறைந்து 6,510 ஆகும். இங்கேதான் வீட்டாரின் பழக்கவழக்கம் கணக்கைத் தீர்மானிக்கிறது.

400 யூனிட், படுக்கையறை இரண்டிலும் ஏசி: படிமுறை 13,963.50. பகல் 120, உச்சம் 70, இரவு 210 என்றால் 10,050. மாதம் 3,913.50 மிச்சம்.

கொழும்பில் இந்தக் கணக்கு இத்துடன் முடியும். திருகோணமலையில் முடியாது. மே தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இரவிலும் சுவர் சுடும். ஏசி பத்தரையிலிருந்து விடியும் வரை ஓடும். 12,000 பிடியு இன்வேர்ட்டர் ஏசி மணிக்குச் சராசரி 0.6 யூனிட் எடுத்தால், ஏழு மணித்தியாலத்துக்கு 4 யூனிட் சொச்சம், மாதம் 126. நவம்பரில் வாடை மழை இறங்கினால் அதே ஏசி உறை போட்டுத் தூங்கும். ஆக ஒரே வீடு கோடையில் 400 யூனிட் வீடு, மாரியில் 200 யூனிட் வீடு. கச்சானுக்கு நேரவாரி, மாரிக்குப் படிமுறை என்று விருப்பத்துக்கு மாறி மாறி இருக்க முடியாது. மீற்றரையே மாற்றுகிற வேலை இது. எனவே பன்னிரண்டு மாத பில்லையும் மேசையில் பரப்பித்தான் பார்க்க வேண்டும். மேலே உள்ள எண்களையே வைத்து ஐந்து சூட்டு மாதம் 400, நான்கு நடு மாதம் 250, மூன்று மழை மாதம் 200 யூனிட் என்றால் வருட முடிவில் 13,517 ரூபா இலாபம். விருந்தினர் வரும் இரண்டு மாதம் மட்டும் 400 தொடும் வீடு, மூன்று மழை மாதம் போக மற்ற ஏழு மாதமும் 250 என்றால் இலாபம் வெறும் 1,427. அதற்காக அலுவலகப் படி ஏறுவது வீண் அலைச்சல்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர் தனி ரகம். இரவு பதினொரு மணிக்கு 10 யூனிட் ஏற்றினால் அந்த அட்டவணையில் 130 ரூபா. 180 ஐத் தாண்டிய படிமுறை வீட்டில் அதே 10 யூனிட் 450. அவருக்கு நேரவாரி கேள்வியின்றி நல்லது.

மாறுவதற்கு முன் ஒரு வாரம் மீற்றரை வாசிக்க வேண்டும். காலை 5.30, மாலை 6.30, இரவு 10.30, மூன்று எண்ணையும் தசமத்தோடு கொப்பியில் எழுத வேண்டும். சனி, ஞாயிறு கட்டாயம் சேர வேண்டும், அன்றைக்குத்தான் வாஷிங் மெஷினும் ஐயனும் வேலை செய்யும். ஏழு நாளில் உச்ச நேரப் பங்கு மொத்தத்தில் நாலில் ஒன்றைத் தாண்டினால், 250 யூனிட் வீடு மாறவே கூடாது.

அந்த நான்கு மணித்தியாலத்தில் எது ஓடுகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் குற்றவாளி தண்ணி மோட்டர். கிணற்றிலிருந்து தாங்கிக்கு ஏற்றும் மோட்டரில் மிதவை சுவிட்ச் இருந்தால், மாலைக் குளிப்பு முடிந்து தாங்கி குறைய, ஏழு மணிக்குத் தானாகவே ஓடத் தொடங்கும். ஒரு குதிரைவலு மோட்டர் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். மிதவைக்கு முன்னால் ஒரு டைமர் போட்டு காலை 5 மணிக்கு மாற்றினால் போதும். டைமர் வாங்கும்போது ஊசி குத்தும் மெக்கானிக்கல் ரகத்தைத் தவிர்ப்பது நல்லது: கரண்ட் போனால் அதன் கடிகாரமும் நின்றுவிடும், இரண்டு மணித்தியால வெட்டுக்குப் பிறகு மோட்டர் காலை ஏழு மணிக்கு ஓடினாலும் யாருக்கும் தெரியாது. உள்ளே பற்றரி உள்ள டிஜிட்டல் ரகம் வேண்டும். ஏசியை 13 அம்பியர் பிளக் டைமரில் மாட்டவே கூடாது. தொடுமுனை சூடேறிப் பிளாஸ்டிக் உருகும். பிரிட்ஜை நகர்த்த முடியாது, அது நாளுக்கு 1 முதல் 1.5 யூனிட்டை மூன்று நேரத்திலும் பரப்பித்தான் எடுக்கும். ரைஸ் குக்கரை ஆறு மணிக்கு முன் போடலாம், ஆனால் அது 0.35 யூனிட் சங்கதி. அதற்காக அம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

திருக்கடலூர், உப்புவெளி போலக் கடலோரத்தில் இருப்பவர் ஏசியின் வெளி அலகையும் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் அலுமினியத் தகடு பொரிந்து வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் சூடு வெளியேறாது. கொம்பிரசர் நிற்காமல் ஓடும். கட்டணத்தை மாற்றுவதைவிட நல்ல தண்ணியால் மாதம் ஒருமுறை கழுவுவது மலிவு.

இணைப்பு விடயத்துக்கு வருவோம். இந்தக் கட்டணம் மூன்று ஃபேஸ் 30 அம்பியர் வீடுகளை எண்ணித் தொடங்கப்பட்டது. சிங்கிள் ஃபேஸ் வைத்திருப்பவர் பிரதேச அலுவலகத்தில் முதலாவதாகக் கேட்க வேண்டியது, "என் இணைப்புக்கு இது கிடைக்குமா, மீற்றருக்கு எவ்வளவு?" என்பதைத்தான். நேரவாரிக்காக மட்டும் மூன்று ஃபேஸுக்கு ஏறுவது புத்திசாலித்தனம் இல்லை. கணக்கு இலக்கம், அடையாள அட்டை, நிலுவை இல்லாத கடைசி பில் மூன்றையும் கொண்டுபோனால் ஒரே நடையில் முடிய வாய்ப்புண்டு. 1987 க்கு அழைத்து முன்கூட்டியே கேட்கலாம். வீட்டு முன்னறையில் கடையோ, நிலாவெளிப் பக்கம் அறை வாடகையோ இருந்தால் கவனம்: அது வீட்டுப் பாவனை வகுதிக்குள் வராது, விண்ணப்பம் போடப்போய் வகுதியே மாறிவிடும்.

படிமுறையிலேயே இருக்கப்போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: படிகளின் எல்லை நாள் கணக்கில் நீளும். 60 யூனிட் என்பது உண்மையில் நாளுக்கு 2, 90 என்பது 3, 120 என்பது 4, 180 என்பது 6. மீற்றர் வாசிப்பவர் 34 நாளில் வந்தால் எல்லை 90 அல்ல, 102. "பிந்தி வந்து படியைத் தாண்ட வைத்துவிட்டார்" என்று அவரோடு முறைப்பதில் பயன் இல்லை. பத்தாம் நாள் மீற்றரைப் பார்த்து 30 ஐத் தாண்டியிருந்தால், அடுத்த இருபது நாளில் ஈடுகட்ட இன்னும் நேரம் இருக்கிறது.

நேரவாரிக்கு மாறியவர் புது மீற்றர் பூட்டிய அன்றே அதன் திரையைப் படிக்கப் பழக வேண்டும். எண்கள் மாறி மாறி வரும், பக்கத்தில் 1.8.0 என்று வருவது மொத்தம், 1.8.1, 1.8.2, 1.8.3 என்பவை மூன்று நேரப் பதிவுகள். 0.9.1 என்று வந்தால் அது மீற்றரின் கடிகாரம். எந்தப் பதிவு எந்த நேரத்துக்கு என்பது மீற்றரைச் செட் பண்ணிய விதத்தில் மாறும், ஆகவே ஊகிக்கக்கூடாது. மாலை 6.45 க்கு மூன்றையும் போனில் படம் எடுத்து, 10.15 க்கு மறுபடி எடுத்தால், இடையில் கூடிய ஒன்றுதான் உச்சப் பதிவு. இரண்டு கூடியிருந்தால், அல்லது கடிகாரம் கையிலிருக்கும் போனோடு பத்து நிமிடத்துக்கு மேல் பிசகினால், முதல் பில் வரும்வரை காத்திருக்காமல் இரு படங்களோடும் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, அதன் இலக்கத்தை வாங்கி வைக்க வேண்டும்.